ஆயுதம் காட்ட ஆளைக் கூட்டிப் போகாதீர்கள், நாயைக் கூட்டிப் போங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நான் கொழும்பு 13 வாசி. பல வருசம் ஒரு சட்டத்தரணியிடம் கிளாக் வேலை பார்த்துவிட்டு இப்போது வீட்டோடு இருக்கிறேன், ஆகவே பேப்பரை முதல் பக்கத்தில் இருந்து மரண அறிவித்தல் வரை ஒன்றும் விடாமல் வாசிக்க நேரம் கிடைக்கிறது. துப்பாக்கிச் சூடு பற்றி உங்களுக்கு வரும் கடிதங்களையும் வாசிக்கிறேன். முக்கால்வாசிப் பேர் கேட்பது ஒன்றைத்தான்: துவக்கை மோப்பம் பிடிக்கும் நாய்களை இறக்குங்கள், தோட்டம் தோட்டமாக, பஸ் பஸ்ஸாகத் தேடுங்கள். நாய் வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அதை எங்கே கொண்டுபோய் விடுவது என்பதில்தான் இவர்களோடு எனக்குச் சண்டை. பிடிபட்டவன் "துவக்கை இன்ன இடத்தில் ஒளித்தேன்" என்று சொன்னால் அந்த இடத்துக்கு முதலில் நாய் போகவேண்டும், அவன் போகக்கூடாது. ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2025ஐ நினைத்துப் பாருங்கள். ஜனவரி 16 காலையில் மன்னார் நீதிமன்றத்துக்கு முன்னால் இரண்டு பேரைச் சுட்டுக் கொன்றார்கள். பெப்ரவரி 18 இரவு மித்தெனியவில் மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு தகப்பனைச் சுட்டார்கள், கூட இருந்த மகனும் மகளும் செத்துப் போனார்கள், இரண்டும் சின்னப் பிள்ளைகள். விடிந்தால் 19ஆம் திகதி, புதுக்கடை நீதவான் நீதிமன்றத்தில், பூசா சிறையில் இருந்து விசாரணைக்குக் கொண்டுவந்த பாதாள உலகக்காரன் கணேமுல்ல சஞ்சீவவை, சட்டத்தரணி உடையில் வந்த ஒருவன் கூண்டுக்குள் வைத்தே சுட்டான். 21ஆம் திகதி இரவு எங்கள் கொட்டாஞ்சேனையிலேயே துப்பாக்கிச் சூடு. ஒக்டோபர் 22இல் வெலிகம பிரதேச சபைத் தவிசாளரை அவருடைய அலுவலகத்துக்குள்ளேயே புகுந்து சுட்டார்கள். அந்த ஒரு வருசத்தில் நாடு முழுக்க நடந்த துப்பாக்கிச் சூடுகள் 100ஐத் தாண்டின, செத்தவர்கள் 50 பேருக்குக் குறையாது.

எங்கள் பக்கத்து நிலைமையை நான் சொல்லித்தான் தெரியவேண்டும் என்றில்லை. முன்பு இரவு பத்து மணிக்கும் கொத்துரொட்டிக் கடையில் தகரச் சத்தம் கேட்கும், இப்போது எட்டரைக்கே அரைச் ஷட்டர் இறங்கிவிடுகிறது. வெளிநாட்டு நம்பரில் இருந்து கோல் வந்தால் கடைக்காரர் எடுப்பதில்லை, கப்பம் கேட்கிறார்களோ என்ற பயம். ஹெல்மெட் கழற்றாமல் இரண்டு பேர் ஒரு பைக்கில் சந்தியில் நின்றால் தாய்மார் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு மற்றப் பக்கம் போகிறார்கள், அவர்கள் பாவம் சாப்பாடு டெலிவரி செய்யும் பொடியன்களாகக்கூட இருக்கலாம். கண்ணால் கண்டவர்களும் வாய் திறப்பதில்லை. சாட்சிகளைப் பாதுகாக்க 2015இல் ஒரு சட்டம் வந்தது, 2023இல் அதை மாற்றி இன்னொன்று கொண்டுவந்தார்கள், ஆனால் எங்கள் ஒழுங்கையில் அதை நம்பி ஒருவரும் பொலிஸுக்குப் போகமாட்டார். ஆகவே சாட்சி சொல்ல ஆள் இல்லாத ஊரில் துவக்குத்தான் சாட்சி. துவக்கு கிடைத்தால், சுட்ட தோட்டாவின் வெற்றுக் கோதுகள் கிடைத்தால், அரச பகுப்பாய்வாளர் திணைக்களத்தில் வைத்து இந்தக் கோது இந்தத் துவக்கில் இருந்து வந்தது, இதே துவக்கு முன்பு இன்ன இடத்திலும் வெடித்தது என்று சொல்ல வழி இருக்கிறது. நாய் இங்கேதான் தேவைப்படுகிறது.

நாய் என்னத்தை மணக்கிறது என்பதில் நிறையப் பேருக்குக் குழப்பம். இரும்பை இல்லை. தோட்டாவுக்குள் இருக்கும் புகையற்ற வெடிமருந்தையும், அது கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்க்கும் இரசாயனங்களையும், சுட்ட பிறகு குழலிலும் கோதிலும் ஒட்டி நிற்கும் கரியையும்தான் பிரதானமாகப் பிடிக்கிறது. துவக்குக்குப் போடும் எண்ணெயையும் சில இடங்களில் பழக்குகிறார்கள். ஆகவே சுட்ட துவக்கைக் கண்டுபிடிப்பது நாய்க்குச் சுலபம், பெட்டி பிரிக்காத, ஒருநாளும் சுடாத, தோட்டா இல்லாத துவக்கு கஷ்டம். கண்டுபிடித்தால் நல்லாகப் பழகிய நாய் குரைக்காது, காலால் விறாண்டாது, அப்படியே குந்திவிடும், ஏனென்றால் உள்ளே இருப்பது குண்டாகவும் இருக்கலாம். அமெரிக்காவில் துப்பாக்கி, வெடிபொருள் விஷயங்களைப் பார்க்கும் ஏ.ரி.எஃப். என்ற நிறுவனம் வேர்ஜினியாவில் வைத்து லாப்ரடோர் நாய்களை இதற்குப் பழக்குகிறது, அவற்றுக்குக் கண்டுபிடித்தால்தான் சாப்பாடு, கையில் இருந்து ஒரு பிடி. (எங்கள் திணைக்களங்கள் சிலவற்றிலும் இந்த முறையைப் பரீட்சித்துப் பார்க்கலாம் என்று நினைத்தேன், பிறகு நமக்கேன் வம்பு.) எங்களுக்கும் நாய் புதுசு இல்லை. பொலிஸ் மோப்பநாய்ப் பிரிவு 1948இல் தொடங்கியது, தலைமையகம் கண்டி அஸ்கிரியவில், நெதர்லாந்தில் இருந்தெல்லாம் நாய் இறக்கியிருக்கிறார்கள்.

சரி, அப்படிப்பட்ட நாயை நாங்கள் எங்கே பார்க்கிறோம்? பஸ் நிலையத்தில். 2023 டிசெம்பர் 17இல் போதைப்பொருளுக்கு எதிராக பொலிஸின் யுக்திய நடவடிக்கை தொடங்கியபோது டிவியில் காட்டினார்களே, பஸ்ஸுக்குள் நாய் ஏறுவதும் சனம் காலைத் தூக்கிக்கொண்டு இருப்பதும். நான் நேரிலும் பார்த்தேன், ஒரு பஸ் நிலையத்தில், எது என்று வேண்டாம். பகல் பதினொரு மணி இருக்கும். தார் கொதிக்கிறது. நாய் நாக்கை ஒரு முழத்துக்குத் தொங்கப் போட்டுக்கொண்டு நிழலைத் தேடுகிறது, மோப்பம் பிடிக்கிற நிலைமையில் அது இல்லை, வாயால் மூச்சு வாங்குகிற நாய் மூக்கால் என்ன வேலை செய்யும்? நீண்ட வரிசையில் பைகள். நாய் ஒரு அம்மாவின் சோற்றுப் பார்சலில் நின்றது, சனம் சிரித்தது, இழுத்துக்கொண்டு போனார்கள். பிறகு ஒரு பொடியன், பதினெட்டு பத்தொன்பது வயது, காதில் கடுக்கன், கையில் பச்சை குத்தியிருந்தான். நாய் அவனுடைய பையைத் தாண்டிப் போய்விட்டது, எனக்கு நல்லாகத் தெரியும், நான் பக்கத்தில்தான் நின்றேன். கயிற்றைப் பிடித்திருந்தவர் நாயைத் திருப்பிக் கொண்டுவந்து அந்தப் பையில் மூக்கை வைக்கச் செய்தார். மறுபடியும் தாண்டியது. மூன்றாம் தரம் அவர் பைக்கு முன்னால் நின்று கயிற்றை மேலே பிடித்தார், நாய் குந்தியது. உடனே பையை நடைபாதையில் கொட்டினார்கள். ஒரு ஹோட்டல் யூனிஃபோம், இரண்டு சாரம், பத்திரிகையில் சுற்றிய கருவாடு, ஒரு சார்ஜர். அவன் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டிருக்கும்போது அவன் போகவேண்டிய பஸ் போய்விட்டது. யாரும் ஒரு சொறி சொல்லவில்லை.

நாயில் பிழை இல்லை. நாய் தன் ஆளின் முகத்தைப் பார்த்து வாழ்கிற சீவன். கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் 2011இல் வெளியான ஒரு ஆய்வு இருக்கிறது, ஒரு தேவாலயத்தில் 18 நாய்களையும் அவற்றின் ஆட்களையும் தேடவிட்டார்கள். உள்ளே போதைப்பொருளும் இல்லை, வெடிமருந்தும் இல்லை, ஆனால் இருக்கலாம், சிவப்புக் கடதாசி ஒட்டிய இடத்தைப் பாருங்கள் என்று ஆட்களுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். 200 தரத்துக்கு மேல் "நாய் காட்டிக்கொடுத்தது" என்று எழுதிக் கொடுத்தார்கள். அதே வருசம் சிக்காகோ ட்ரிபியூன் பத்திரிகை அந்த நகரத்தைச் சுற்றியுள்ள ஊர்களின் பொலிஸ் பதிவுகளை எடுத்துக் கணக்குப் போட்டது: வீதியில் வாகனத்தை மறித்து நாய் காட்டிக்கொடுத்ததில் 44 வீதத்தில்தான் ஏதாவது கிடைத்தது, ஓட்டியவர் லத்தீன் அமெரிக்க வம்சாவளி என்றால் அது 27 வீதம். கயிற்றின் மற்றப் பக்கத்தில் இருப்பவரின் சந்தேகம் நாயின் மூக்கு வழியாக வெளியே வருகிறது, அவ்வளவுதான். சோதனைச் சாவடியில் அடையாள அட்டையில் இருக்கும் பெயரைப் பார்த்ததும் பொலிஸ்காரரின் குரல் மாறுவதைக் கேட்டுப் பழகிய எங்கள் தலைமுறைக்கு இதை விளங்கப்படுத்த வேண்டியதில்லை. யுக்திய தொடங்கி ஒரு மாதத்துக்குள் கிட்டத்தட்ட 29,000 பேர் கைதாகிவிட்டதாக 2024 ஜனவரியில் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் சொன்னது, பொது இடத்தில் உடுப்பைக் களையச் சொல்லிச் சோதித்ததாக முறைப்பாடுகள் இருப்பதையும் சேர்த்தே சொன்னது. அதற்கு அடுத்த வருசம்தான் நான் மேலே சொன்ன 100 துப்பாக்கிச் சூடுகளும். அது போதைப்பொருளுக்கான நடவடிக்கை, துவக்குக்கானது இல்லை என்று சொல்வார்கள், சொல்லட்டும், போதைப்பொருளும் துவக்கும் ஒரே கையில்தான் இருக்கிறது என்று மேடையில் சொல்வதும் அவர்கள்தான்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

கொட்டாஞ்சேனையில் பெப்ரவரி 21ஆம் திகதி நடந்த கொலைக்கு அன்றிரவே இரண்டு பேரைப் பிடித்தார்கள். விடிவதற்குள் இருவரும் செத்துப் போனார்கள். பொலிஸ் சொன்ன விபரம் உங்கள் பத்திரிகையிலேயே வந்தது: ஆயுதம் மறைத்து வைத்த இடத்தைக் காட்ட அழைத்துச் சென்றபோது பொலிஸாரைத் தாக்க முயன்றார்கள், பதிலுக்குச் சுட நேர்ந்தது. இந்த வசனத்தை எத்தனை தரம் வாசித்திருக்கிறோம்! 2020 ஒக்டோபர் 20 அதிகாலை மாளிகாவத்தையில் இப்படிச் செத்தவர் பாதாள உலகத்து மாகந்துரே மதூஷ், அவரைக் கூட்டிப் போனது ஹெரோயின் இருக்கும் இடத்தைக் காட்ட. 2021 மே மாதம் ஒரே வாரத்துக்குள் ஊரு ஜுவா, கொஸ்கொட தாரக என்று இருவர், அவர்களையும் ஆயுதம் காட்டத்தான் கூட்டிப் போனார்கள். அப்போது சட்டத்தரணிகள் சங்கம் கண்டித்தது. மதூஷ் விஷயத்தில் என் கேள்வி மிகச் சின்னது: ஹெரோயின் மோப்பம் பிடிக்கும் நாய் பொலிஸிடம் எத்தனையோ வருசமாக இருக்கிறதே, ஒரு தொடர்மாடியில் ஒளித்த ஹெரோயினைக் கண்டுபிடிக்க, துபாயில் இருந்து பாடுபட்டுக் கொண்டுவந்த ஒரு ஆளை விடிய முன் கூட்டிப் போகவேண்டிய அவசியம் என்ன?

செத்தவர்கள் நல்லவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்களில் யாராவது எங்கள் வீட்டுக் கதவைத் தட்டியிருந்தால் நானும் நடுங்கியிருப்பேன். இப்படிச் செத்தால் நல்லதுதானே என்று எங்கள் தேத்தண்ணிக் கடையிலும் கதைக்கிறார்கள், பெரிய மனுசர்கள்கூட. ஆனால் சுட்டவன் செத்தால் சுடச் சொன்னவன் யார் என்பதும் அவனோடு போய்விடுகிறது. துவக்கைக் கொடுத்தவன், பைக்கைக் கொண்டுவந்தவன், காசு அனுப்பியவன் எல்லாரும் அடுத்த வேலைக்கு இன்னொரு பொடியனைத் தேடிக்கொள்கிறார்கள். புதுக்கடைக் கொலையில் சுட்டவனை அன்றைக்கே புத்தளம் பாலாவியில் உயிரோடு பிடித்தார்கள், துவக்கைக் கொண்டுபோய்க் கொடுத்ததாகச் சொல்லப்படும் இஷாரா செவ்வந்தியை ஒக்டோபரில் நேபாளத்தில் பிடித்துக் கொண்டுவந்தார்கள். உயிரோடு இருப்பவர்களிடம்தானே மேலே யார் என்று கேட்கலாம்.

ஆளைக் கூட்டிப் போவதற்குப் பொலிஸ் ஒரு காரணம் சொல்லும். சாட்சியக் கட்டளைச் சட்டம் 27ஆம் பிரிவு. நீதிமன்றப் பக்கம் வேலை செய்தவர்கள் எல்லாருக்கும் மனப்பாடமான பிரிவு இது. பொலிஸ் காவலில் இருக்கிறவன் பொலிஸுக்குச் சொல்லும் குற்ற ஒப்புதல் நீதிமன்றத்தில் செல்லாது, ஆனால் அவன் சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்போடு சம்பந்தப்பட்ட அளவுக்கு மட்டும் அவன் சொன்னதைச் சாட்சியமாகக் கொடுக்கலாம். ஆகவே துவக்கை அவனோடு முடிச்சுப் போட இந்தப் பிரிவு தேவை, அது எனக்கு விளங்குகிறது. ஆனால் பிரிவை ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். அது கேட்பது தகவலை. அவன் சரீரமாக அங்கே போய், கை விலங்கோடு புதருக்குள் இறங்கி, விரலால் காட்டவேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. கூட்டிப் போனால் வழக்கு இன்னும் பலமாகும் என்பார்கள் சிலர். செத்த ஆள் மேல் வழக்கே இல்லையே, பிறகு என்ன பலம்?

ஆகவே நான் சொல்வது இதுதான். பிடிபட்டவன் "இன்ன பாலத்துக்குக் கீழே, குப்பைக்குப் பக்கத்தில்" என்று சொன்னால் அதை எழுதி, வாசித்துக் காட்டி, நேரம் போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். ஆளைக் கூட்டுக்குள்ளேயே விடுங்கள். நாயைக் கூட்டிக்கொண்டு அந்த இடத்துக்குப் போங்கள். "பாலத்துக்குக் கீழே" என்ற அளவுக்குத் தகவல் இருந்தால் நாய்க்குத் தாராளம், எந்தப் பற்றை, எந்தக் கல் என்று அது பார்த்துக்கொள்ளும். துவக்கு மட்டும் இல்லை, சூடு நடந்த இடத்தில் புல்லுக்குள், கானுக்குள் விழுந்து கிடக்கும் வெற்றுக் கோதுகளையும் அதே நாய் எடுத்துத் தரும். மனுசன் ரோர்ச் அடித்து மணிக்கணக்கில் தேடுவதைவிட இது திறம். அதற்குள் விடியட்டுமே, விடிந்த பிறகு போனால் துவக்கு எழும்பி நடந்தா போகப்போகிறது? கூட்டாளி எடுத்துவிடுவான் என்று பயமென்றால் இரண்டு பேரைக் காவலுக்குப் போட்டுவிட்டு விடியும் வரை இருக்கலாம்.

இது நடக்காத காரியம் என்று சொல்பவர்கள் வன்னிக்குப் போய்க் கேட்டுப் பார்க்கட்டும். யுத்தம் முடிந்த பிறகு கண்ணிவெடி அகற்றியபோது நாய்களையும் அங்கே வேலைக்கு விட்டார்கள், அமெரிக்காவில் உள்ள மார்ஷல் லெகசி என்ற நிறுவனம் இராணுவத்தின் கண்ணிவெடி அகற்றும் பிரிவுக்கு நாய் கொடுத்தது. வருசக்கணக்காக மண்ணுக்குள் கிடந்த வெடிமருந்தை நாய் மேலே நின்று மணந்து, குந்தியிருந்து காட்டியிருக்கிறது. வேலை நேரம் வெயில் ஏறுவதற்கு முன் காலையில், ஒவ்வொரு துண்டு நிலமும் கயிறு கட்டிப் பிரித்து, எந்த நாய் எந்தத் துண்டைப் பார்த்தது என்று எழுதி வைத்து. அந்தப் பொறுமையோடு நாயை வைத்து வேலை செய்த நாடு இது. கொழும்புக்கு வந்ததும் அதே வேலை பஸ் நிலையக் கூத்தாகிவிட்டது.

நாய் போகவேண்டிய இன்னும் இரண்டு இடங்கள் இருக்கின்றன, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்று நீதிமன்ற வாசல். சஞ்சீவவைச் சுட்ட துவக்கு உள்ளே போனது ஒரு சட்டப் புத்தகத்துக்குள், தாள்களை வெட்டிக் குழியாக்கி அதற்குள் வைத்து. நான் வேலை செய்த காலத்தில் எந்த நீதிமன்ற வாசலிலும் கறுப்புக் கோட்டைக் கண்டால் பையைத் திறக்கச் சொல்லமாட்டார்கள், அவருக்குப் பின்னால் கட்டுக் கட்டாகப் பைலும் புத்தகமும் சுமந்துகொண்டு போகிற என்னைப் போன்ற கிளாக்கையும் யாரும் கணக்கெடுக்கமாட்டார்கள். புத்தகத்தைத் திறந்து பார்க்க நினைக்காதவர்களுக்கு, திறக்காமலே பார்க்கிற நாய் உதவும். அலபாமாவின் ஓபர்ன் பல்கலைக்கழகத்தில், ஆட்கள் நடந்து போகும்போது அவர்களுக்குப் பின்னால் இழுபடும் காற்றை மணந்தே வெடிமருந்தைக் கண்டுபிடிக்க நாய் பழக்குகிறார்கள், ஒருவரையும் மறிக்கத் தேவையில்லை. வழக்கறிஞர் மானம் போய்விட்டது என்று சங்கம் சண்டைக்கு வரவும் வழியில்லை, நாய்க்கு சில்க் என்கிற ஜனாதிபதி சட்டத்தரணியும் தெரியாது, ஜூனியரும் தெரியாது.

மற்றது துறைமுகம். எங்கள் வீட்டில் இருந்து பார்த்தால் பாரந்தூக்கிகள் தெரியும் தூரம். 2025 ஜனவரியில் 323 கொள்கலன்களைச் சோதிக்காமலே வெளியே விட்டது பெரிய பிரச்சினையாகிப் பாராளுமன்றம் வரை போனது ஞாபகம் இருக்கும். அவற்றுக்குள் என்ன இருந்தது என்று நான் ஊகிக்க வரவில்லை. ஆனால் வெளியில் இருந்து துவக்கு வருகிறது என்பது தெரிந்த விஷயம், அந்த வருசம் செப்டெம்பரில் தங்காலை சீனிமோதரயில் பிடித்த லொறியில் போதைப்பொருளோடு ரிவோல்வர்களும் ஒரு ரி-56 ரைபிளும் இருந்தன. உள்ளூரில் இருந்தே போனதும் இருக்கிறது, ஒரே ஒரு இராணுவ முகாமில் இருந்து மட்டும் 70க்கும் அதிகமான ரி-56 பாதாள உலகத்துக்குப் போய்ச் சேர்ந்ததாக அரசாங்கமே சொல்லியிருக்கிறது. களஞ்சியத்தில் எண்ணிப் பார்க்க ஒரு கொப்பியும் பேனையும் போதும், அந்த இடத்துக்கு நாய் தேவையில்லை.

நாயை ஆட்கள் மேல் விடுவதில் எங்கள் பகுதிக்கு இன்னொரு சங்கடமும் இருக்கிறது. புதுக்கடை, கிராண்ட்பாஸ், மாளிகாவத்தைப் பக்கம் முஸ்லிம் சனம் அதிகம். இங்குள்ளவர்கள் பின்பற்றும் ஷாபி முறைப்படி நாயின் எச்சில் உடுப்பில் பட்டால் ஏழு தரம் கழுவவேண்டும், அதில் ஒரு தரம் மண் கலந்து. தொழுகைக்குப் போகிற மனுசனின் சாரத்தில் நாய் மூக்கை உரசிவிட்டுப் போனால் அவர் பிறகு எந்தப் பொலிஸோடு ஒத்துழைக்கப் போகிறார்? எங்கள் ஆட்களிலும் வைரவரைக் கும்பிட்டுக்கொண்டே அவருடைய வாகனத்தைக் கண்டால் ஓட்டோவுக்குள் ஏறி ஒளிகிறவர்கள் இருக்கிறார்கள். இதற்கு வழி இல்லாமல் இல்லை. சோதிக்கத்தான் வேண்டும் என்றால் பைகளை வரிசையாக வைத்துவிட்டு ஆட்களை நாலு எட்டுத் தள்ளி நிற்கச் சொல்லலாம், நாய் பைகளை மட்டும் பார்த்துக்கொண்டு போகட்டும், அதுவும் காலையில் அல்லது பொழுது பட்ட பிறகு, நாய் களைத்தால் நிறுத்திவிடவேண்டும்.

நாய் காணாது, ஆள் காணாது, கண்டியில் இருந்து வரவேண்டும் என்று பதில் வரும். காணாது என்றால் இருக்கிறதைப் பஸ் நிலையத்தில் வீணாக்காதீர்கள் என்றுதானே நானும் சொல்கிறேன். அதோடு ஒரு பதிவேடும் வையுங்கள்: எந்தத் திகதி, எந்த இடம், எந்த நாய், குந்தியதா, குந்தியபின் என்ன கிடைத்தது, ஒன்றும் கிடைக்காவிட்டால் அதையும். பெயர் விபரம் ஒன்றும் எங்களுக்கு வேண்டாம், எண்ணிக்கை போதும். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் சட்டம் இருக்கிறது, யாராவது கேட்டால் கொடுக்கக்கூடிய மாதிரி வைத்திருந்தால் சரி. பத்துத் தரம் குந்தி ஒரு தரம்தான் கிடைக்கிறது என்றால் அந்த நாயையும் அதன் ஆளையும் திரும்ப அஸ்கிரியவுக்கு அனுப்பிப் பழக்கலாம். பழக்கி வந்தும் சரிவராவிட்டால் அந்த ஆளின் கையில் கயிற்றைக் கொடுக்காமல் விடலாம்.

கடைசியாக உங்களிடம் ஒரு உதவி. உங்கள் நிருபர்கள் பொலிஸ் ஊடகப் பேச்சாளரின் செய்தியாளர் சந்திப்புக்குப் போகிறவர்கள். அடுத்த முறை "ஆயுதத்தைக் காட்ட அழைத்துச் சென்றபோது" என்று அங்கே ஒரு அறிக்கை வாசிக்கப்பட்டால், அதை அப்படியே எழுதிக்கொண்டு வராமல் இரண்டு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: அந்த இடத்துக்கு நாய் கொண்டுபோனீர்களா? கொண்டுபோகவில்லை என்றால், அந்த நேரம் நாய் எங்கே இருந்தது? என்ன பதில் வந்தாலும் பெயரும் பதவியும் போட்டு முதல் பக்கத்திலேயே பிரசுரியுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சட்டத்தரணிக் கிளாக் ஒருவர்,
கொழும்பு 13.